பகலில் தெரியும் கேமரா இரவில் ஏன் மறைகிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் தொழில்நுட்பத் துணைக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



தலைவர் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். பின்வாசல் கேமரா பற்றிப் பேசச் சொன்னார். "ஒரு கேபிளை மாத்தறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பேச்சு? எவ்வளவு ஆகும்னு சொன்னா போதாதா?" என்று நேற்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கேபிள் மட்டும் என்றால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் இந்த விஷயத்தில் நம் எல்லோருடைய மெயின்டனன்ஸ் பணமும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு மனிதருடைய பெயரும் இருக்கிறது. அதனால் முழுவதும் கேட்டுவிடுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பார்க்கிங்கில் நின்ற ஒரு பையனுடைய சைக்கிள் இரவில் காணாமல் போனது. பின்வாசல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். மறுநாள் காலை ரெக்கார்டரைப் போட்டுப் பார்த்தால், சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் படம் நின்றுவிட்டது. அதன் பிறகு விடியும்வரை ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலைக்குள் முடிவு செய்துவிட்டோம்: இரவுக் காவலர் தூங்குவதற்காக கேமராவை அணைத்துவிடுகிறார். அவரை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குக் கடிதமும் போனது. மாற்று ஆள் கிடைக்காததால்தான் அவர் இன்னும் இங்கே வேலை பார்க்கிறார். அந்தக் குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் அப்படி எழுதியவருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

இரண்டு நாள் கழித்து நான் வாக்கிங் போகும்போது அவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "சார், நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்ல. சாயங்காலம் விளக்கு போடுற நேரத்துக்கு அதுவா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. விடிஞ்சா சரியாயிடுது."

நான் முப்பது வருடம் மின்சாரத் துறையில் வேலை பார்த்தவன். இந்த மூன்று வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு பழுதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எப்போது வருகிறது, எப்படி வருகிறது, எப்போது போகிறது, மூன்றையும் அவர் சொல்லிவிட்டார். நாம்தான் கேட்கவில்லை.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பின்வாசல் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச். மூன்று கேமராக்களின் வயர்களும் அதில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஒரே ஒரு ஈதர்நெட் கேபிள் மதில் சுவரை ஒட்டி, ஜெனரேட்டர் ரூமைச் சுற்றி, சங்க அலுவலகத்துக்கு வருகிறது. டேப் வைத்து அளந்தோம். 90 மீட்டர்.

பின்வாசலில் பிளக் பாயின்ட் கிடையாது. அதனால் கேமராவை மாட்டியவர்கள் அலுவலகத்தில் ஒரு 24 வோல்ட் அடாப்டரை வைத்து, அதே ஈதர்நெட் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பியிருக்கிறார்கள். இது தவறான யோசனை இல்லை. ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பிகள் உண்டு. நம் ஸ்விட்ச் ஓடும் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். நீலத்தில் ப்ளஸ், பழுப்பில் மைனஸ் என்று கரண்டை அனுப்பலாம். அந்த முனையில் ஒரு கன்வர்ட்டர் 24 வோல்ட்டை 12 ஆகக் குறைத்து ஸ்விட்சுக்கும் கேமராக்களுக்கும் கொடுக்கும். பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

பழுது பார்க்க டெக்னீஷியன் இரண்டு முறை வந்தார். முதல் முறை அந்த முனையில் கேபிளைக் கழற்றி மீட்டர் வைத்தார். "24 வோல்ட் கரெக்டா வருது சார், சப்ளையில ஒண்ணும் இல்ல" என்றார். இரண்டாவது முறை, எதற்கும் இருக்கட்டும் என்று 1 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு 2 ஆம்பியர் அடாப்டரை வைத்தார். அன்று இரவும் கேமரா போனது. அந்த இரண்டு வருகைக்கும் நாம் பணம் கொடுத்தோம்.

அவர் மீட்டர் பொய் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய துருப்பிடித்த மெலிந்த பைப் ஒன்றில் குழாயை மூடி வைத்திருக்கும்போது பிரஷர் முழுதாக இருக்கும். குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் நூலாக வரும். ஒரு பாத்ரூமில் ஷவர் ஓடும்போது இன்னொரு பாத்ரூமில் குழாயைத் திறந்தால் ஷவர் சுருங்கிவிடும். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. பைப்பில் ஓடும் வழியில்தான் பிரஷர் தொலைகிறது. எவ்வளவு அதிகமாக ஓடுகிறதோ அவ்வளவு அதிகமாகத் தொலையும்.

கம்பியும் அப்படித்தான். கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு. தமிழில் மின்தடை, இ.பி.காரர்கள் மாதம் ஒருமுறை அறிவிக்கிற மின்தடை இல்லை, இது வேறு. கம்பி நீளமானால் இது கூடும். கம்பி மெல்லியதானாலும் கூடும். கரண்ட் ஓடும்போது, ஆம்பியரை இந்த ஓம் எண்ணால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஓம் 1827-இல் எழுதி வைத்த கணக்கு, இன்றும் மாறவில்லை. கேபிளைக் கழற்றி அளந்தபோது கரண்ட் ஓடவில்லை. ஓடாத இடத்தில் எதுவும் தொலையாது. அதனால் மீட்டர் 24 காட்டியது.

அப்படியானால் இரவில் மட்டும் ஏன்? கேமராக்களில் இருட்டைக் கண்டறியும் சென்சார் இருக்கிறது. இருட்டியதும் உள்ளே ஒரு சின்ன ஃபில்டர் "டிக்" என்று நகரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரியும். இந்த விளக்குகளுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். நம் பின்வாசலில் மூன்று கேமராவும் ஸ்விட்சும் கன்வர்ட்டரும் சேர்ந்து பகலில் சுமார் 8 வாட் எடுக்கின்றன. விளக்குகள் எரியும்போது சுமார் 15 வாட்.

அலுவலகத்தில் இருப்பது 24 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். அதாவது 48 வாட் தர வல்லது. 15 வாட் தேவைக்கு 48 வாட் அடாப்டர், இதில் என்ன குறை என்று கேட்கலாம். குறை அடாப்டரில் இல்லை, வழியில் இருக்கிறது.

கேபிளின் ஒரு ஜோடியை மட்டும் எடுத்து, பின்வாசல் முனையில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, அலுவலக முனையில் ஓம் மீட்டர் வைத்தோம். போக 90, வர 90, ஆக 180 மீட்டர் கம்பி. நல்ல செம்புக் கம்பியாக இருந்தால் சுமார் 15 ஓம் காட்ட வேண்டும். எங்களுக்கு 24 ஓம் காட்டியது. அப்போதே சந்தேகம் வந்தது. ஒரு கம்பியின் மேற்பரப்பை பிளேடால் சுரண்டினோம். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு. கடைகளில் இதை சிசிஏ கேபிள் என்பார்கள். அலுமினியம் செம்பைவிட மோசமான கடத்தி. செம்பின் கடத்தும் திறனில் ஏறத்தாழ 61 சதவீதம்தான் அதற்கு உண்டு. 15 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 24 வந்ததற்கு அதுதான் காரணம். கேட் 5இ, கேட் 6 தரங்கள் கேட்பது முழுச் செம்புக் கம்பியை. நம் கேபிளின் மேல் "கேட் 6" என்று அச்சடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி என்று இரட்டைக் கம்பியாகப் பயன்படுத்துவதால், நம் வழியின் ரெசிஸ்டன்ஸ் 24-இல் பாதி, 12 ஓம். இப்போது ஒரு கணக்கு. பயப்படாதீர்கள், மனக்கணக்குதான்.

1 ஆம்பியர் ஓடினால் வழியில் 12 வோல்ட் தொலையும். 24-இல் மீதி 12. அந்த முனையில் கிடைப்பது 12 வோல்ட், 1 ஆம்பியர், ஆக 12 வாட்.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். 1.2 ஆம்பியர் ஓடினால் 14.4 வோல்ட் தொலையும். மீதி 9.6. அதை 1.2-ஆல் பெருக்கினால் 11.5 வாட். அதிகமாக இழுத்தோம், குறைவாகத்தான் கிடைத்தது. குறைவாக இழுத்தாலும், 0.8 ஆம்பியரில் அதே 11.5 வாட்தான். ஆக, இந்தக் கேபிளில் 24 வோல்ட்டை வைத்து அந்த முனைக்கு 12 வாட்டுக்கு மேல் எந்த அடாப்டராலும் அனுப்ப முடியாது. 2 ஆம்பியர் என்ன, 10 ஆம்பியர் அடாப்டர் வைத்தாலும் 12 வாட்தான். பெரிய தொட்டி கட்டினால் மெலிந்த பைப்பில் தண்ணீர் கூடுதலாக வராது.

பகலில் 8 வாட், தாங்குகிறது. இரவில் 15 வாட், தாங்காது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய குண்டு பல்பு வோல்ட்டேஜ் குறைந்தால் மங்கலாக எரியும், குறைவாக இழுக்கும். எலக்ட்ரானிக் கன்வர்ட்டர் அப்படி இல்லை. அதற்குத் தன் வேலைக்கான வாட் கிடைத்தாக வேண்டும். வோல்ட்டேஜ் குறைந்தால் ஆம்பியரை அதிகமாக இழுக்கும். அதிகமாக இழுத்தால் வழியில் இன்னும் தொலையும். இன்னும் குறையும். இன்னும் இழுக்கும். அரை நொடியில் படுத்துவிடும். படுத்ததும் சுமை இல்லை, வோல்ட்டேஜ் மீண்டும் 24-க்கு ஏறும். ஸ்விட்ச் உயிர் பெறும், கேமராக்கள் விழிக்கும், அரை நிமிடம் படம் வரும். பிறகு இருட்டைக் கண்டுகொள்ளும், "டிக்", விளக்குகள் எரியும், மறுபடி படுக்கும். விடியும்வரை இதே கதை. காவலர் சொன்ன "அணைஞ்சு அணைஞ்சு எரியுது" இதுதான். ரெக்கார்டரில் இருந்த துண்டுப் படங்களும் இவைதான்.

கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது என்று ஒரு சோதனையும் செய்தோம். போன ஞாயிறு, பட்டப்பகல் பன்னிரண்டு மணி. நானும் துணைக்குழுவில் இன்னும் இருவரும். மீட்டரை இந்த முறை கழற்றாமல், சுமையோடு வைத்தோம். 19 வோல்ட். பொருத்தியபடியே அளந்ததால் 5 வோல்ட் தொலைந்திருப்பது தெரிந்தது. பிறகு ஒரு கேமராவின் மேல் கறுப்புத் துணியைப் போட்டோம். "டிக்". மீட்டர் பதினாறரைக்கு இறங்கியது, ஆனாலும் ஓடியது. இரண்டாவது கேமராவையும் மூடினோம். பெட்டிக்குள் இருந்த எல்லா விளக்கும் அணைந்தது. துணியை எடுத்தோம். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியானது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதேதான். இரவுக் காவலர் ஏணியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆரம்பத்தில் இரவிலும் நன்றாகத்தானே இருந்தது? ஆமாம். அப்போது இரண்டு கேமராக்கள். இரவில்கூட 12 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. போன வருடம் பொதுக்குழுவில் மூன்றாவது கேமரா வேண்டும் என்று கைதூக்கினோம். நானும் தூக்கினேன். மாட்டியவர்கள் மாலை நான்கு மணிக்குப் படத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று இரவிலிருந்தே பின்வாசல் கேமரா போயிருக்கிறது. இத்தனை மாதமாக ஒருவரும் இரவுப் படத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. சைக்கிள் போன பிறகுதான் பார்த்தோம்.

சரி, என்ன செய்யலாம்? வழிகள் நான்கு. ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் சொல்கிறேன்.

முதல் வழி, பின்வாசலுக்கே 230 வோல்ட் இழுத்துவிடுவது. அங்கேயே அடாப்டர் வைத்துவிட்டால் வோல்ட்டேஜ் தொலையும் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த மதில் ஓரம் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடம். அந்த வழியாக 230 வோல்ட் போவதை நான் விரும்பவில்லை. இரண்டாவது, கரண்ட் போனால் அந்தக் கேமராவும் போய்விடும், அல்லது அங்கே தனியாக ஒரு யுபிஎஸ் வைக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து அனுப்பினால் அலுவலக யுபிஎஸ் ஒன்றே போதும்.

இரண்டாவது வழி, நடுவில் ஒரு எக்ஸ்டெண்டர் வைப்பது. நிறைய பேர் இதைச் சொன்னார்கள். டேட்டா போய்ச் சேராதபோது எக்ஸ்டெண்டர் உதவும். நமக்கு டேட்டா நன்றாகவே போகிறது. கரண்டுதான் போதவில்லை. எக்ஸ்டெண்டர் அதே கரண்டில் தனக்கும் ஒரு பங்கு கேட்கும். பந்தியில் சோறு பற்றவில்லை என்று இன்னும் ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைப்பது போல ஆகிவிடும்.

மூன்றாவது வழி, கேபிளை மட்டும் நல்ல செம்பாக மாற்றுவது. ரெசிஸ்டன்ஸ் 12-இலிருந்து ஏழரை ஓமாகும். 24 வோல்ட்டில் அதிகபட்சம் 19 வாட் போகும். 15 வாட் ஓடும், ஆனால் அந்த முனையில் பதினேழரை வோல்ட்தான் இருக்கும். நாளை ஒரு கேமரா சேர்த்தால், அல்லது ஒரு கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்தால், மறுபடி இதே கூட்டம், இதே பேச்சு.

நான்காவது வழி, வோல்ட்டேஜைக் கூட்டுவது. இதுதான் மூல மருந்து. அதே வாட்டை இரண்டு மடங்கு வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதியாகும். ஆம்பியர் பாதியானால் வழியில் வீணாகும் வாட் கால் பங்காகும். கூடங்குளத்திலிருந்து மின்சாரம் 400 கிலோவோல்ட்டில் கிளம்புவது இதற்காகத்தான். 1882-இல் எடிசன் நியூயார்க்கில் 110 வோல்ட் டிசியில் தெருவுக்கு மின்சாரம் கொடுத்தபோது, நிலையத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவைத் தாண்ட அவர் திணறியதும் இதனால்தான். நம் பின்வாசல், அதே பிரச்சினையின் 90 மீட்டர் பதிப்பு. 48 வோல்ட்டும் செம்புக் கேபிளும் இருந்தால், 15 வாட்டுக்கு வழியில் தொலைவது இரண்டரை வோல்ட்தான்.

"அப்படின்னா 48 வோல்ட் அடாப்டரை மட்டும் மாத்திட்டா போதுமே?" என்று கேட்பீர்கள். கணக்குப்படி இப்போதிருக்கும் மட்டமான கேபிளிலேயே ஓடும். ஆனால் அந்த முனையில் இருக்கும் கன்வர்ட்டர் 48 வோல்ட்டைத் தாங்கும் வகை இல்லை. அதன் மேலேயே அதிகபட்ச அளவு எழுதியிருக்கிறது. மாட்டினால் புகைதான் வரும். இப்படி நேரடியாகக் கரண்டை ஏற்றும் முறைக்கு பாஸிவ் என்று பெயர். அதில் எதிரே இருப்பது யார் என்று கேட்கும் வழக்கமே கிடையாது. யாராவது தெரியாமல் அந்தக் கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினாலும் கரண்ட் போகும்.

இதற்குத்தான் முறையான தரம் ஒன்று இருக்கிறது. பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.இ. 2003-இல் வந்த முதல் தரத்தில், அனுப்பும் முனையில் 15.4 வாட், பெறும் முனையில் உறுதியாக 12.95 வாட். 2009-இல் வந்த அடுத்த தரத்தில், இதை பி.ஓ.இ. ப்ளஸ் என்பார்கள், அனுப்பும் முனையில் 30 வாட், பெறும் முனையில் 25.5 வாட். இடையில் இருக்கும் வித்தியாசம் 100 மீட்டர் கேபிளில் வீணாவதற்கு ஒதுக்கி வைத்தது. வழிச்செலவை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டார்கள். தவிர, இந்த ஸ்விட்ச் கரண்ட் கொடுப்பதற்கு முன் எதிரே இருப்பது பி.ஓ.இ. சாதனம்தானா என்று சின்ன வோல்ட்டேஜில் தட்டிப் பார்க்கும். சரியான பதில் வந்தால்தான் 48 வோல்ட்டைத் திறந்துவிடும். லேப்டாப் செருகினால் டேட்டா மட்டும்தான் போகும்.

ஆகவே துணைக்குழுவின் பரிந்துரை இது. அலுவலகத்தில், யுபிஎஸ் மேல், தரமான ஒரு பி.ஓ.இ. ப்ளஸ் ஸ்விட்ச். அங்கிருந்து பின்வாசல்வரை முழுச் செம்பு கேட் 6 கேபிள், நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே ஓட்டம், வெளிப்புறத்துக்கான கண்டியூட்டுக்குள், கரண்ட் வயர்களிலிருந்து தள்ளி. இடி மின்னலுக்காக சர்ஜ் புரொடெக்டர். பின்வாசல் பெட்டியில் ஒரு பி.ஓ.இ. ஸ்பிளிட்டர், அது 48 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கும். இப்போதிருக்கும் சின்ன ஸ்விட்சும் மூன்று கேமராக்களும் அப்படியே இருக்கும். அவை எதுவும் கெட்டுப்போகவில்லை. மொத்தத்தையும் புதிதாக வாங்கச் சொல்லி ஒரு விலைப்புள்ளி வந்தது. அது வேண்டாம் என்கிறோம். மூன்று விலைப்புள்ளிகளும் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வேலை கொடுக்கும்போது மூன்று நிபந்தனை போடச் சொல்கிறோம். ஒன்று, கேபிள் பெட்டியைப் பிரித்ததும் நம் எதிரில் ஒரு கம்பியைச் சுரண்டிக் காட்ட வேண்டும். இரண்டு, கேபிள் போட்ட பிறகு ஒரு ஜோடியின் ஓம் அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று, வேலை முடிந்தது என்ற கையெழுத்து இரவு எட்டு மணிக்கு மேல், மூன்று கேமராவின் விளக்கும் எரியும்போது, பின்வாசல் பெட்டியில் சுமையோடு வோல்ட்டேஜ் அளந்த பிறகுதான். மாலை நான்கு மணிக்குக் கையெழுத்து இனி கிடையாது.

இது பின்வாசலோடு முடியும் விஷயம் இல்லை. உங்களில் பலர் வீட்டில் பால்கனி கேமராவோ, மாடிக்கு ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டோ வைத்திருக்கிறீர்கள். சிலர் 12 வோல்ட் அடாப்டரின் வயரையே நீட்டியிருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நல்ல செம்பு கேட் 5இ கேபிளில் இரண்டு ஜோடியைக் கரண்டுக்குப் பயன்படுத்தினால், 10 மீட்டருக்கு, 1 ஆம்பியருக்கு, ஏறத்தாழ 0.85 வோல்ட் தொலையும். மட்டமான சிசிஏ கேபிளில் சுமார் 1.35 வோல்ட். 20 மீட்டரில் அரை ஆம்பியர் கேமரா என்றால் செம்பில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தொலையும், பயமில்லை. 40 மீட்டரில் 1 ஆம்பியர் என்றால் 12-இல் மூன்றரை வோல்ட் போய்விடும். அந்தச் சாதனம் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆனால் சாதனத்தைத் திட்டாதீர்கள். கடையில் கேபிள் வாங்கும்போது "முழு காப்பர்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிசிஏ கேபிள் கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும். விலை அதிசயமாகக் குறைவாக இருந்தால் சுரண்டிப் பாருங்கள். சாதனம் பி.ஓ.இ. ஏற்கும் வகை என்று அதன் மேல் எழுதியிருந்தால் மட்டுமே அதற்குக் கேபிளில் கரண்ட் அனுப்புங்கள். மீட்டர் வைப்பதானால் கழற்றி அளக்காதீர்கள், ஓடும்போது அளந்து பாருங்கள்.

என் நேரம் முடியப் போகிறது. கூட்டத்தின் முன் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. முதலாவது, மேலே சொன்ன வேலைக்கான ஒப்புதல். அது பணம் சம்பந்தப்பட்டது, விவாதித்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதற்குப் பணம் தேவையில்லை. ஏஜென்சிக்கு நாம் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்று, கேமரா அணைந்ததற்கும் இரவுக் காவலருக்கும் தொடர்பில்லை என்று சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் ஒரு பிரதி அவர் கையிலும் போக வேண்டும். அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது, "அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள்" என்று கேட்டால், காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்கட்டும். எந்த வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதினோமோ, அதே குழுவில் இதையும் போட வேண்டும். கட்டைவிரலைத் தூக்கியவன் என்ற முறையில் முதலில் அதைப் பதிவிடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சைக்கிளை யார் எடுத்தார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. அது தெரியாமலே போகலாம். ஆனால் யார் கேமராவை அணைக்கவில்லை என்பது இப்போது நமக்குத் தெரியும். இன்று இரவு எட்டு மணிக்கு, நேரம் இருப்பவர்கள் ஐந்து நிமிடம் பின்வாசலுக்கு வாருங்கள். அந்தப் பெட்டி அணைந்து அணைந்து எரிவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். வரும்போது அவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.



(இரண்டு தீர்மானங்களும் கூட்டத்தில் நிறைவேறின. கடிதத்தின் பிரதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.)